கங்கை ஒப்பந்தம் முடிகிறது: பராக்காவில் அடுத்து எந்த வழி?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ஆம் தேதி வங்கதேசத்திலிருந்து ஒரு சின்னக் குழு மேற்கு வங்காளத்தில் இருக்கும் பராக்கா தடுப்பணைக்கு வந்து சேரும். இந்தியாவிலிருந்து ஒரு குழு எல்லை தாண்டிப் போய் ஹார்டிஞ்ச் ரயில் பாலத்தடியில் வேலையைத் தொடங்கும். 1915-இல் திறந்த பாலம் அது. அந்தப் பக்கம் கங்கைக்குப் பெயர் பத்மா. மே 31 வரை இரு தரப்பும் சேர்ந்தே தினமும் ஆற்றை அளக்கிறார்கள். பராக்காவுக்கு எவ்வளவு வந்தது, கால்வாயில் எவ்வளவு திரும்பியது, மிச்சம் எவ்வளவு கீழே போனது, போனதில் பாலத்தடிக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கணக்கு எழுதுகிறார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து இரு நாட்டு உறவும் கசந்துபோன பிறகும், 2025 ஜனவரியில் இந்த அளவெடுப்பு நிற்கவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் 1996 டிசம்பர் 12 அன்று அப்போதைய பிரதமர்கள் தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தம். அதன் ஆயுள் 30 ஆண்டு. 2026 டிசம்பரில் முடிகிறது. தானாக நீளாது. இரு நாடுகளும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம் என்று மட்டும்தான் அதில் எழுதியிருக்கிறது.

எங்கோ வடக்கே ஓடும் ஆற்றைப் பற்றித் தமிழில் எதற்கு இவ்வளவு அக்கறை என்று தோன்றலாம். நான் காவிரியின் கடைமடையில் வளர்ந்தவன். காலாவதி தேதி எழுதிய ஓர் ஆற்று ஒப்பந்தம் என்ன செய்யும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1924-இல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், சில பிரிவுகளை 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. 1974 வந்தபோது, ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்று கர்நாடகம் சொன்னது. மறுபரிசீலனை என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை என்று தமிழ்நாடு சொன்னது. நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல். அதன் இறுதித் தீர்ப்பு 2007-இல். உச்ச நீதிமன்றம் கடைசியாகக் கணக்கைத் திருத்தியது 2018-இல். ஒரு வாசகம் தெளிவாக இல்லாததற்கு 44 ஆண்டு.

அதனால் பராக்காவுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒப்பிடும்போது யாருக்கு எத்தனை விழுக்காடு என்று நான் முதலில் பார்க்கப்போவதில்லை. நல்ல மழை பெய்த வருடத்தில் எந்தப் பங்கீடும் வேலை செய்யும். நான் பார்ப்பது இரண்டு. ஆறு வற்றிய வருடத்தில் கடைசியில் இருப்பவனுக்கு என்ன மிஞ்சும்? பேச்சு முறிந்துபோன காலத்தில் எந்த விதி நிற்கும்?

இப்போது இருப்பது என்ன

பராக்கா தடுப்பணை வங்கதேச எல்லைக்குச் சுமார் 18 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. 1975-இல் இயங்கத் தொடங்கியது. தண்ணீரைத் தேக்க அதைக் கட்டவில்லை, திருப்பிவிடக் கட்டினார்கள். கங்கையின் பழைய கிளையான பாகீரதி மணல் மூடித் தூர்ந்துபோக, அதன் கீழ்ப்பகுதியான ஹூக்ளியில் கொல்கத்தா துறைமுகம் வண்டலில் சிக்கியது. 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி விநாடிக்கு 40,000 கன அடி திருப்பிவிட்டால் வண்டல் அடித்துக்கொண்டு போகும் என்பது திட்டம். இந்தியாவின் பங்கு என்று எப்போது பேசினாலும் 40,000 வந்து நிற்பது இதனால்தான். அந்தத் தண்ணீர் வந்த பிறகும் ஹூக்ளியில் தூர்வாருவது நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன் போட்ட அந்த எண்ணை இரு தரப்புப் பொறியாளர்களும் உட்கார்ந்து மறுபடி சரிபார்ப்பதில் தப்பில்லை.

1996 ஒப்பந்தம் ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து மாதங்களுக்குத்தான். பத்துப் பத்து நாளாகக் கணக்கு. பராக்காவுக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவாகவோ வந்தால் ஆளுக்குப் பாதி. 70,000-க்கும் 75,000-க்கும் இடையில் வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. 75,000-க்கு மேல் என்றால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. இதற்கு மேல் ஒரு நிபந்தனை. மார்ச் 11 முதல் மே 10 வரையிலான கடும் கோடையில், பத்து நாள் விட்டுப் பத்து நாள், மாற்றி மாற்றி ஒவ்வொரு நாட்டுக்கும் 35,000 கன அடி உறுதி.

அளவு புரிய வேண்டும் என்றால், 35,000 கன அடி பத்து நாள் ஓடினால் சுமார் 30 டி.எம்.சி. ஆகும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். இவர்கள் பத்து நாள் தவணையில் பேசுவது மேட்டூரில் மூன்றில் ஒரு பங்கை.

ஒப்பந்தத்தோடு இணைத்த அட்டவணை 1949 முதல் 1988 வரை ஓடிய நீரின் சராசரியில் போட்டது. மார்ச் 21–31-இல் 64,688 கன அடி வரும், அதில் இந்தியாவுக்கு 35,000, வங்கதேசத்துக்கு 29,688. அடுத்த பத்து நாளில் 63,180 வரும், அதில் வங்கதேசத்துக்கு 35,000, இந்தியாவுக்கு 28,180. காகிதத்தில் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு சின்னது, யாருக்கும் வலிக்காது. ஆனால் ஆறு சராசரிப்படி வருவதில்லை. கையெழுத்தான அடுத்த கோடையிலேயே, 1997-இல், அட்டவணை சொன்னதைவிட மிகக் குறைவாகத்தான் வந்தது. 52,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவின் முறையில் வங்கதேசத்துக்குக் கிடைப்பது 17,000. பத்து நாள் கழித்து 35,000. அப்புறம் மறுபடி 17,000. இந்தப் பக்கம் ஹூக்ளிக்கும் இதே கதைதான், முறை மட்டும் மாறியிருக்கும்.

50,000-க்கும் கீழே போனால்? இரு அரசுகளும் உடனே கூடிப் பேசி, நியாயமாக, யாருக்கும் கேடு வராதபடி முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு தண்ணீர் என்று எண் கிடையாது.

இந்த முறை மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது முட்டாள்தனமான ஏற்பாடு இல்லை. சின்ன வயதில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். எல்லா மதகையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து வைத்தால் தண்ணீர் பாதி வழியிலேயே மண்ணுக்குள் போய்விடும், கடைமடைக்கு ஈரம்கூட வராது. அதனால் மேல் மதகுகளை அடைத்து, வருவது முழுவதையும் கீழே விடுவார்கள். எங்கள் முறை இரவில்தான் வரும். தாத்தா டார்ச் லைட்டோடு மடையில் போய் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் வருகிறதென்றால் முதலில் ஒரு சலசலப்பு கேட்கும், பிறகு காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு நுரை வரும். சில இரவுகளில் விடியும்வரை சலசலப்பே கேட்காது. "முறை வந்துடுச்சு, தண்ணி வரல" என்று வந்து திண்ணையில் படுத்துக்கொள்வார்.

பத்மாவிலும் அந்த நியாயம் உண்டு. ஹார்டிஞ்ச் பாலத்துக்குப் பக்கத்தில் பேராமாராவில் கங்கை–கபோதாக் பாசனத் திட்டத்தின் பம்பு நிலையம் இருக்கிறது. ஆற்று மட்டம் ஓரளவுக்குக் கீழே போனால் பம்பு இழுக்காது. அதற்குப் பாதித் தண்ணீர் தொடர்ந்து வருவதைவிட முழுத் தண்ணீர் முறை வைத்து வருவது நல்லது. ஆனால் ஆறு என்பது வாய்க்கால் இல்லை. பத்மாவிலிருந்து கோராய் என்ற கிளை ஆறு பிரிந்து தென்மேற்கு வங்கதேசத்துக்குப் போகிறது. குல்னா பகுதிக்கும் சுந்தரவனத்தின் அந்தப் பக்கத்துக்கும் நல்ல தண்ணீர் முக்கியமாக அதன் வழியாகத்தான். கோடையில் கோராயின் வாய் மணலில் அடைபட்டுவிட்டால் கீழேயிருந்து கடலின் உப்பு மேலேறும். ஏறிய உப்பு, அடுத்த பத்து நாளில் 35,000 கன அடி வந்தவுடன் சட்டென்று இறங்கிப் போகாது. நெல்லாவது முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும். உப்பு காத்திருப்பதில்லை.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

அப்படியே இன்னொரு 30 ஆண்டு

இருப்பதை ஒரு வரிகூட மாற்றாமல் நீட்டிப்பது எல்லாவற்றிலும் சுலபம். இரு நாட்டு அதிகாரிகளுக்கும் இந்த விதிகள் பழக்கம். கணக்கு வைக்கும் கூட்டுக் குழு இருக்கிறது, அளக்கும் இடங்கள் இருக்கின்றன. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வந்தால் புதிதாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மோசமான அண்டை உறவு நிலவும் காலத்தில் இது சாதாரண லாபம் இல்லை.

ஆனால் என் முதல் கேள்விக்கு இது பதில் சொல்வதில்லை. 1988-இல் நின்றுபோன சராசரியை வைத்து 2056 வரை ஆற்றைப் பங்கிடுவது சரியாக வராது. ஹரித்வாரில் தொடங்கும் மேல் கங்கைக் கால்வாய் 1854 முதல் தண்ணீர் எடுக்கிறது. அதற்குப் பிறகு வந்த கால்வாய்கள், உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஆழ்குழாய்க் கிணறுகள், 2006 முதல் டெஹ்ரி அணை என்று மேலே நிலைமை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கோடையில் ஆற்றுக்குள் கசிந்து வர வேண்டிய நிலத்தடி நீரை மேலேயே இறைத்துவிட்டால், பராக்காவில் அட்டவணை மட்டும்தான் மிஞ்சும். வரத்தைக் காப்பாற்ற இந்தியா எல்லா முயற்சியும் எடுக்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. எந்த முயற்சி, யார் பார்ப்பது என்று சொல்லவில்லை.

இரண்டாவது கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு உண்டு. அதில் உடன்பாடு வராவிட்டால் வங்கதேசப் பங்கில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இந்தியா விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மிக நல்ல பிரிவு, ஆனால் அதன் முதல் சொற்கள் "இந்த ஒப்பந்தக் காலத்தில்" என்கின்றன. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் இந்தப் பாதுகாப்பும் இல்லை. அப்படியே நீட்டித்தால் இதே பயம் 2056-க்குத் தள்ளிப்போகும்.

சின்னச் சின்ன நீட்டிப்பு

பேச்சு இழுத்தடித்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு போடலாம் என்ற யோசனை கண்டிப்பாக வரும். இதை நாம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறோம். 1975-இல் தடுப்பணையைச் சோதித்துப் பார்க்க 41 நாளுக்கு ஓர் ஏற்பாடு போட்டார்கள், விநாடிக்கு 11,000 முதல் 16,000 கன அடி வரை திருப்பலாம் என்று. 41 நாள் முடிந்த பிறகும் திருப்பிவிடுவது தொடர்ந்தது. 1976 மே 16 அன்று வங்கதேச அரசியல் தலைவர் மௌலானா பாஷானி ராஜ்ஷாஹியிலிருந்து பராக்காவை நோக்கி மக்களைத் திரட்டிக்கொண்டு நடந்தார். விவகாரம் அந்த ஆண்டே ஐ.நா. பொதுச் சபைக்குப் போனது. 1977-இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் வந்தது. 1982-இல் இரண்டாண்டுக்கும் 1985-இல் மூன்றாண்டுக்கும் புரிந்துணர்வுக் குறிப்புகள். 1988-இல் அதுவும் முடிந்து, எட்டு வருடம் எந்தக் காகிதமும் இல்லை. 1993 மார்ச்சில் ஹார்டிஞ்ச் பாலத்தடியில் ஆறு 10,000 கன அடிக்கும் கீழே போனது.

ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் என்ன காணாமல் போனது என்று பாருங்கள். 1977 ஒப்பந்தத்தில் ஒரு தளம் இருந்தது. ஆறு எவ்வளவு வற்றினாலும், அட்டவணையில் வங்கதேசத்துக்கு எழுதியதில் 80 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று. 1982 குறிப்பில் அது போய்விட்டது. 1996-இலும் அந்த வடிவத்தில் திரும்பி வரவில்லை. தற்காலிகப் பேச்சில் கடினமான பிரிவைத்தான் முதலில் கழற்றுவார்கள். அவசரம் அப்படி. என் கணக்கில் எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான், ஒரே ஒரு விதிவிலக்கோடு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேபாளத்தையும் உட்கார வைப்பது

ஆற்றை ஆறாகப் பார்ப்பவர்களுக்கு மனதுக்குப் பிடித்த வழி இது. பராக்காவில் கோடையில் ஓடும் நீரில் சுமார் 70 விழுக்காடு நேபாளத்து ஆறுகளிலிருந்து வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கோசி, கண்டகி, கர்ணாலி ஆகியவற்றின் பங்கு அவ்வளவு பெரியது. அப்படியிருக்க, நேபாளம் இல்லாத மேசையில் இருவர் மட்டும் உட்கார்ந்து இருப்பதைப் பிரித்துக்கொண்டால் தண்ணீர் கூடாது. இமயமலை அடிவாரத்தில் மழைக்கால நீரைத் தேக்கிக் கோடையில் விட்டால் இருவருக்கும் போதும், நேபாளத்துக்கு மின்சாரமும் கிடைக்கும்.

வங்கதேசம் இதை 1970-களிலிருந்தே சொல்லி வருகிறது. இந்தியா அப்போது வேறொன்று சொன்னது. பிரம்மபுத்திராவிலிருந்து வங்கதேசத்தின் வழியாகக் கால்வாய் வெட்டிக் கங்கையில் சேர்க்கலாம் என்றது. இவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை, அவர் சொன்னதை இவர் ஏற்கவில்லை. எங்கள் நிலத்தைக் கீறிக் கால்வாயா என்று அங்கே கோபம். இருவர் விவகாரத்தில் மூன்றாவது நாடு எதற்கு என்று இங்கே தயக்கம். பல வருடம் இதிலேயே போனது.

சரி, இந்தியாவும் நேபாளமும் மட்டும் சேர்ந்து ஓர் அணை கட்டுவது எவ்வளவு நாள் பிடிக்கும் என்று பார்க்க வேண்டுமா? மகாகாளி ஒப்பந்தம் கங்கை ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1996-இல் வந்தது. அதில் சொன்ன பஞ்சேஷ்வர் அணை இன்னும் எழும்பவில்லை. கோசி, கண்டகி ஒப்பந்தங்களில் தாங்கள் ஏமாந்துவிட்டோம் என்ற மனக்குறை நேபாளத்தில் 1950-களிலிருந்து இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் புதிய அணைக்குச் சம்மதம் வாங்க முடியாது. நிலநடுக்கப் பகுதி, இடம்பெயரும் கிராமங்கள் என்று மற்ற கேள்விகளும் உண்டு.

இந்த வழி தப்பு என்று நான் நினைக்கவில்லை. இதை முதலில் வைத்தால், மற்றதெல்லாம் இது முடியும்வரை காத்திருக்கும். அதுதான் ஆபத்து. நேபாளத்தோடு முதலில் தொடங்க வேண்டியது தரவில்தான். கோசியிலும் கண்டகியிலும் இன்று எவ்வளவு ஓடுகிறது என்று மூன்று நாடும் ஒரே நாளில் பார்க்க முடிந்தால், பராக்காவில் பத்து நாள் கழித்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். முறை மாற்றத்தையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். இதற்கு ஒரு மூட்டை சிமெண்ட்கூட வேண்டாம்.

வெளியார் ஒருவரை நடுவில் வைப்பது

1996 ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் முதலில் கூட்டுக் குழு, அப்புறம் 1972 முதல் இருக்கும் கூட்டு ஆறுகள் ஆணையம், அதுவும் முடியாவிட்டால் இரு அரசுகள். நடுவர் என்று யாரும் இல்லை. கீழே இருப்பவருக்கு இது பெரிய பலவீனம். மேலே மதகு இருப்பவர் பேச்சுக்கு வராவிட்டால் போக வேறு வாசல் இல்லை.

இதே இரு நாடுகளின் கடல் எல்லைத் தகராறை 2009-இல் வங்கதேசம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது. 2014 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தகராறில் இருந்த கடற்பரப்பில் பெரும்பகுதி வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. இந்தியா வெளியார் தீர்ப்பை ஏற்கவே ஏற்காது என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் கடலுக்கு இரு நாடும் கையெழுத்திட்ட ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இருந்தது. ஆற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. 1997-இல் சர்வதேச நீர்வழிகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது வங்கதேசம் ஆதரித்தது, இந்தியா வாக்களிக்காமல் இருந்தது. 2025-இல் வங்கதேசம் ஐ.நா.வின் இன்னொரு நீர் உடன்படிக்கையில் தெற்காசியாவிலேயே முதல் நாடாகச் சேர்ந்தது. ஒருவர் மட்டும் சேர்ந்த உடன்படிக்கையில் மற்றவரைக் கட்டிப்போட முடியாது.

சிந்து நதியைப் பார்த்தால் இந்த வழியின் இரண்டு பக்கமும் தெரியும். 1960-இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே உலக வங்கி நடுவில் நின்று முடித்துவைத்த ஒப்பந்தம் அது. பொறியியல் சந்தேகத்துக்கு நடுநிலை நிபுணர், சட்டத் தகராறுக்கு நடுவர் நீதிமன்றம் என்று படிப்படியாக ஏற்பாடு இருந்தது. பக்லிஹார் அணைச் சிக்கலை 2007-இல் நிபுணர் தீர்த்தார், இரு தரப்பும் அதை வைத்துக்கொண்டு முன்னேறின. மூன்று போர்களைத் தாண்டியும் அது நின்றது. பிறகு கிஷன்கங்கா, ராட்லே திட்டங்களில் ஒரே நேரத்தில் நிபுணரும் நீதிமன்றமும் தனித்தனியாக நடக்க, இந்தியா நீதிமன்றத்தைப் புறக்கணித்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஒப்பந்தத்தையே இந்தியா நிறுத்தி வைத்தது. அந்தச் சூழலில் கங்கைக்கும் முழு நடுவர் மன்றம் கேட்டால், டெல்லியில் எந்தக் கட்சி ஆண்டாலும் இன்று சம்மதம் கிடைக்காது. ஆனால் பக்லிஹாரில் வேலை செய்த அந்தச் சின்ன ஏற்பாடு, பொறியியல் கேள்விக்கு மட்டும் ஒரு நிபுணர் என்பது, இங்கே ஒத்துவரும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஒப்பந்தம் என்ற சட்டகத்துக்குக் காலாவதி இருக்கக்கூடாது. அதன் உள்ளே இருக்கும் அட்டவணைக்குத்தான் இருக்க வேண்டும். அதாவது, பகிர்ந்துகொள்ளும் கடமை, சேர்ந்து அளப்பது, 90 விழுக்காட்டுப் பாதுகாப்பு மூன்றும் நிரந்தரம். எண்களை மட்டும் பத்தாண்டுக்கு ஒரு தடவை, அண்மைய வருடங்களின் உண்மையான வரத்தை வைத்துத் திருத்துவது. திருத்தத்தில் உடன்பாடு வரவில்லையா, பழைய அட்டவணையில் 90 விழுக்காடு ஓடிக்கொண்டே இருக்கும். இது இந்தியாவுக்குப் பெரிய விட்டுக்கொடுப்பு இல்லை. இந்தப் பிரிவோடுதான் 30 வருடம் வாழ்ந்திருக்கிறோம்.

வறட்சிக்கு இரண்டு மாதிரி முன்னால் இருக்கிறது. ஒன்று 1977-இன் 80 விழுக்காட்டுத் தளம். கீழே இருப்பவருக்கு இது பாதுகாப்பு. ஆனால் கடும் வறட்சியில் சுமை முழுவதும் மேலே இருப்பவர் மேல் விழும். மேற்கு வங்காளத்து மக்களும் மனிதர்கள்தான், ஹூக்ளிக் கரை ஊர்களின் குடிநீருக்கும் இந்தத் தண்ணீர் வேண்டும். இன்னொன்று காவிரி மாதிரி. பற்றாக்குறை வருடத்தில் பங்கு விகிதப்படி எல்லாருக்கும் குறையும் என்று 2007 தீர்ப்பு சொல்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பற்றாக்குறையை எந்த நாளில், எந்த அணையின் மட்டத்தை வைத்து, யார் அறிவிப்பது என்று எழுதாமல் விட்டதால் 2023-இல் என்ன நடந்தது என்று பார்த்தோம். செப்டம்பரில் 5,000 கன அடி விடச் சொன்னதற்கு பெங்களூருவிலும் கர்நாடகம் முழுவதும் பந்த். இங்கே டெல்டாவில் குறுவை கண்ணெதிரே காய்ந்தது. மாநில எல்லையில் காவிரியை அளக்கும் பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை கன அடி என்று ராத்திரி செய்தியில் கேட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இரண்டையும் பார்த்தபின் நான் சொல்வது இது. முறை மாற்றம் இருக்கட்டும், பேராமாரா பம்புக்கும் ஹூக்ளிக்கும் அது உதவுகிறது. ஆனால் எந்தப் பத்து நாளிலும், எந்தப் பக்கமும், வந்த நீரில் 40 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. மேலே சொன்ன 52,000 கன அடிக் கணக்கில் 35,000-க்கு 17,000 என்பது, 31,200-க்கு 20,800 என்று மாறும். சுமை ஒருவர் தலையில் விழாது, கோராய்க்கும் முழுப் பட்டினி இல்லை. 50,000-க்குக் கீழே போனாலும் இதே விகிதம் தானாக நடைமுறைக்கு வர வேண்டும். கூடிப் பேசுவது அதற்கு மேல் நடக்கட்டும். பேசிக்கொண்டிருக்கும் பத்து நாளில் பயிர் போய்விடும், மீன் போய்விடும். 40 என்பது என் எண். பொறியாளர்கள் 38 என்றாலோ 42 என்றாலோ சரிதான், எண் என்று ஒன்று எழுதியிருக்க வேண்டும். அளவில் சந்தேகம் வந்தால் தீர்க்க ஒரு நடுநிலை நிபுணர். தினசரி அளவுகள் இரு மொழியிலும் இணையத்தில், யாரும் பார்க்கும்படி. ராஜ்ஷாஹி விவசாயியும் முர்ஷிதாபாத் மீனவரும் ஒரே எண்ணைப் பார்த்தால் வதந்திக்கு இடம் குறையும்.

இதில் நான் தொடாமல் போக முடியாத ஒன்று, இந்தியாவுக்குள்ளேயே நடக்க வேண்டிய பேச்சு. 1996-இல் ஒப்பந்தம் கைகூடியதற்கு ஒரு காரணம் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு முன்கூட்டியே பேச்சில் இருந்தது. 2011-இல் தீஸ்தா ஒப்பந்தம் கடைசி நேரத்தில் நின்றதற்குக் காரணம் மம்தா பானர்ஜி ஏற்காதது. இன்றுவரை தீஸ்தாவுக்கு ஒப்பந்தம் இல்லை. 2024 ஜூனில் கங்கை ஒப்பந்தப் புதுப்பிப்பு பற்றி டெல்லியும் டாக்காவும் அறிவித்தவுடன், தங்களைக் கேட்கவில்லை என்று மேற்கு வங்க அரசு எழுதியது. பீகாருக்கு வேறு வருத்தம். தடுப்பணைக்கு மேலே வண்டல் சேர்ந்து வெள்ளம் கூடுகிறது என்று 2016-இல் நிதிஷ் குமார் பராக்காவை அகற்றவே சொன்னார். மால்டாவிலும் முர்ஷிதாபாதிலும் கரை அரிப்பில் வீடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அலகாபாத் வரை ஏறிய ஹில்சா மீன் பராக்காவுக்கு மேலே அருகிப்போனதில் பிழைப்பு இழந்த மீனவர்கள் இரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். டாக்காவோடு பேசும் மேசையில் இவர்கள் சார்பில் உட்கார ஆள் வேண்டும். பாட்னாவும் கொல்கத்தாவும் சம்மதிக்காத காகிதம் டெல்லியில் கையெழுத்தானாலும் மதகில் நடக்காது. மாநிலங்களுக்கு இடையே காவிரிக்காக இத்தனை வருடம் நின்ற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையையும் டிசம்பருக்குள் முடிக்க முடியுமா? முடியாமல் போகலாம். சின்ன நீட்டிப்புக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான். புது ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பழைய ஒப்பந்தத்தின் எல்லாப் பிரிவுகளும், 90 விழுக்காட்டுப் பிரிவையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் தொடரும் என்று இரு வெளியுறவு அமைச்சகங்களும் ஒரு கடிதம் மாற்றிக்கொள்ளலாம். முடிவுத் தேதி போடாமல், எந்தப் பிரிவையும் கழற்றாமல். அரைப் பக்கம் போதும். அது இல்லாவிட்டால் 2027 ஜனவரி 1 அன்று பராக்காவுக்கு வரும் குழுவை உள்ளே விட வாசலில் நிற்பவரிடம் உத்தரவு இருக்காது. மார்ச் 11 அதற்கப்புறம் பத்து வாரத்தில் வந்துவிடும்.